திரையில் வந்த கூரைகள்

எந்த ஆட்சேபக் கூட்டத்திலும் முதலில் எழுந்து நிற்பவர் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றித்தான் பேசுவார். அடுத்தவரும் அதையே பேசுவார். அதற்கடுத்தவர், "எனக்கு முன்னால பேசுனவங்க சொல்லிட்டாங்க, இருந்தாலும்" என்று ஆரம்பித்து, அதையே இன்னும் நீளமாகச் சொல்வார். நகரத் திட்டமிடல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பொறுமை தீர்ந்துபோகும். எனக்கும் தீர்ந்துபோனது. ஓய்வு பெற்ற பிறகும் அது முழுசாகத் திரும்பி வந்துவிட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்தையும் வரைபடத்தையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு சனிக்கிழமை காலையைப் பற்றி. அன்றைக்கு அந்த மண்டபத்தில் பேசிய எல்லாரிடமும் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. அத்தனை நியாயத்தையும் வைத்துக்கொண்டு, யாருக்கும் உதவாத ஒரு முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தெப்ராவ் பக்கத்தில் ஒரு பழைய தாமான், சின்னக் குடியிருப்பு. சுவரோடு சுவர் ஒட்டிய தரைவீடுகள், குறுகலான தெருக்கள். தாமானின் ஓரத்தில், மூடிக் கிடந்த பலகை ஆலையின் நிலம். லாலாங் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பாம்பு பயத்தில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். அந்த நிலத்தை ஒரு மேம்பாட்டு நிறுவனம் வாங்கியது. எந்த நிலத்தில் எவ்வளவு நெருக்கமாக வீடு கட்டலாம் என்று நாம் ஏற்கெனவே குறித்து வைத்திருப்போம் அல்லவா, அதை மாற்றித் தரும்படி விண்ணப்பம் போட்டார்கள். தரைவீடுகளுக்கான நிலத்தில் இருபது மாடியில் அடுக்குமாடி கட்ட வேண்டுமாம்.

அறிவிப்புப் பலகை நட்ட வாரமே ஆட்சேபங்கள் குவிந்தன. முறையான விசாரணைக்கு முன்னால் மக்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லிவிடலாம் என்று எங்கள் நகராண்மைக் கழகம் முடிவு செய்தது. நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் இருக்கும் தாமான், நீங்களே போங்கள் என்றார்கள். கூட்டம் மலாயில்தான் நடந்தது. கோபம் வந்தபோது மட்டும் அவரவர் மொழிக்குப் போனார்கள். ஆகவே பாதிக் கூட்டம் அவரவர் மொழியில்தான் நடந்தது.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் குணசேகரன். குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். பல வருடம் விடிவதற்குள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போய் வந்தவர். பேசத் தெரிந்தவர். கார் நிறுத்தும் பேச்செல்லாம் ஓய்ந்த பிறகுதான் எழுந்தார். மழை பெய்தால் சாக்கடை எந்தெந்த வீட்டுக் குளியலறையில் திரும்பி வருகிறது என்று சொன்னார். அது உண்மை, எனக்கே தெரியும். தாமானுக்குள் வர ஒரே ஒரு வழிதான், அதில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது என்றார். அதுவும் உண்மை. கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"மேடம், இங்க இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல பொறந்தவங்க. பக்கத்து வீட்டுல இருமுனா நமக்குத் தூக்கம் போயிரும். அதுலேருந்து தப்பிச்சி வந்து கடன் வாங்கி இந்த வீட்ட வாங்குனோம். மறுபடியும் எங்களச் சுத்தி ஆயிரம் பேரக் கொண்டாந்து அடைச்சா எப்படி?"

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால்.

அப்போது நடு வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். பெயர் சரோஜா. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. குணசேகரனின் பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தனக்கு அடுக்குமாடி வேண்டும் என்று அவர் சொன்னதும் மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் எல்லாரும் தன்னோடு அந்தச் சின்ன வீட்டில்தான் இருக்கிறார்கள், மகன் கூடத்தில் படுக்கிறான், இந்த வட்டாரத்தில் தரைவீடு வாங்குவதை அவன் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, பக்கத்திலேயே சின்னதாக ஒரு மாடிவீடு கிடைத்தால் பேரப்பிள்ளைகளைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒருவரையும் குறை சொல்லவில்லை. குணசேகரன் அவர் முகத்தைப் பார்க்காமல், தனிப்பட்ட பிரச்சினையைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னார். இவ்வளவு நேரம் எல்லாரும் பேசியது தனிப்பட்ட பிரச்சினை இல்லாமல் வேறு என்ன என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

இதுவரைக்கும் வழக்கமான கூட்டம்தான். சலிப்பாக இருந்தாலும் சரியான பாதையில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசத் தொடங்கியிருப்பார்கள்.

நிறுவனத்தின் சார்பில் ஓர் ஆலோசகர் வந்திருந்தார். இளைஞர், சுறுசுறுப்பு, நல்ல சட்டை. கட்டடத்தின் படங்களைத் திரையில் காட்டத்தான் அவரை அனுமதித்திருந்தேன். பதில் சொல்லச் சொன்னபோது அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறொரு படத்தைப் போட்டார். மேலிருந்து எடுத்த படம், அந்தத் தாமானின் கூரைகள். அனுமதி இல்லாமல் பின்சந்து வரைக்கும் இழுத்துக் கட்டிய வீடுகளுக்கெல்லாம் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருந்தார். திரையே சிவப்பாக இருந்தது. நெருக்கம் வேண்டாம் என்கிறீர்கள், நெருக்கத்தை நீங்களே உண்டாக்கியிருக்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தத் தாமானில் பாதி வீட்டில் பின்பக்கம் அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சாலை ஆட்களுக்குத் தங்க வேறு இடம் கிடையாது. கண்டும் காணாமல் இருந்தோம். உண்மையாக இருக்கும் ஒன்றை எந்த நேரத்தில், எதற்காகச் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவர் அதை விளக்குவதற்காகச் சொல்லவில்லை. வாயை மூடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டை இடிக்க ஆள் வரும் என்பதுதான் அந்தப் படத்தின் பொருள். மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் எல்லாரும் தங்கள் கூரையைத் தேடினார்கள். அடுத்தபடி பக்கத்து வீட்டுக் கூரையைத் தேடினார்கள். என்னுடையது சமையலறை மட்டும்தான், அவனுடையதைப் பாருங்கள் என்றார் ஒருவர். அந்த மூலை வீட்டுக்காரர் சாக்கடைக்கு மேலேயே கட்டியிருக்கிறார் என்றார் இன்னொருவர். சரோஜா அம்மாவும் சும்மா இருக்கவில்லை. குணசேகரன் வீட்டுப் பின்பக்கம் மூன்று அறை இருக்கிறது, மூன்றிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறது, ஆயிரம் பேரைக் கொண்டுவந்து அடைக்காதே என்கிற ஆள் தன் வீட்டில் எத்தனை பேரை அடைத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். காலம் காலமாக ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவர்கள். கொஞ்ச நேரத்தில், அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் மீதிப் பாதியின் வீட்டை இடிக்கச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை ஆலை நிலம் யாருக்கும் நினைவில் இல்லை.

வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்த வந்திருந்த எங்கள் அமலாக்கப் பிரிவு அதிகாரி ஒருவர், சத்தம் கேட்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

அப்போது யோசிப்பதற்கு நேரம் இல்லை. நான் எழுந்துபோய்ப் படம் காட்டும் கருவியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரை அணைந்தது. இன்றைய கூட்டம் அந்த நிலத்தைப் பற்றியது மட்டும்தான், இங்கே ஒருவர் மேல் ஒருவர் சொன்ன எதுவும் குறிப்பில் ஏறாது என்று சத்தமாகச் சொன்னேன். அமலாக்க அதிகாரியை வாசலுக்குக் கூட்டிப்போய், எழுத்துமூலம் புகார் வந்தால் உங்கள் வேலையைச் செய்யுங்கள், கருத்துச் சொல்லக் கூப்பிட்டுவிட்டு அதே மண்டபத்தில் வைத்து ஆளைப் பிடிக்காதீர்கள் என்றேன். சட்டப்படி தன்னைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார். இல்லைதான். ஆனாலும் படத்தை அழித்தார், என்னை முறைத்துக்கொண்டே.

நான் திரும்பி உள்ளே வந்தபோது, பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ஒரு பெண் கையைத் தூக்கியிருந்தாள். தொழிற்சாலைச் சீருடை. நான் பேசலாமா என்று கேட்டாள். நீங்கள் யார் என்று கேட்டேன். பெயர் பிரேமா, தங்காக் என்ற ஊரிலிருந்து வந்தவள், முன்பு அங்கே துணிக்கடையில் வேலை, இப்போது செனாயில் ஒரு தொழிற்சாலையில். குணசேகரன் வீட்டுப் பின்னறை ஒன்றில் மகளோடு இருப்பதாகச் சொன்னாள்.

குணசேகரன் உடனே எழுந்தார். வீட்டு உரிமையாளர்களுக்குத்தான் கடிதம் வந்தது, வாடகைக்கு இருப்பவர்கள் இதில் பேச முடியாது என்றார். விதியைச் சரியாகவே படித்திருந்தார். அந்த மாதிரி அறிவிப்பு நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். ஆனால் அன்றைக்கு நடந்தது விசாரணை இல்லை, விளக்கக் கூட்டம். அதில் யார் பேசலாம் என்று எந்த விதியும் இல்லை. கூட்டத்தை நடத்துகிறவள் நான், இவர் பேசட்டும் என்றேன். ஆலோசகர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. அவருக்குச் சாதகமாகப் பேசுவாள் என்று நினைத்துவிட்டார்.

பிரேமா யாருக்கும் சாதகமாகப் பேசவில்லை.

"அடுக்குமாடி நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. இப்ப நீங்க எல்லாரும் ஒருத்தர் வீட்ட ஒருத்தர் இடிக்கச் சொன்னீங்களே, அந்த ரூம்ல இருக்கிறது நாங்கதான். போன எடத்துல இடிக்க வந்தப்ப நான் வேலையில இருந்தேன். சாமான எடுக்கக்கூட விடல. எம்மவ ஸ்கூல் புத்தகமெல்லாம் மழையில போச்சு. இடிக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ஆலோசகர் பக்கம் திரும்பி, நீங்கள் கட்டப்போகும் வீட்டில் என்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். கட்டுப்படியாகக்கூடிய வீடுகள் என்று அவர் பதில் சொன்னார். யாருக்குக் கட்டுப்படியாகும் என்று அவள் கேட்டாள். அவர் தாள்களைப் புரட்டினார்.

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. வாடகை கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றும் சொல்லமாட்டார் என்று பிரேமாவே பிறகு என்னிடம் சொன்னாள்.

கூச்சலிட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த நேரத்தை விட்டால் கிடைக்காது என்று, நான் உண்மை நிலவரத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தில் பெரிய வீடுகளும் இருக்கின்றன, சின்ன வீடுகளும் இருக்கின்றன. மாடியைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கேட்டால் ஒருவேளை கிடைக்கும். ஆனால் மாடியைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது சின்ன வீடுகள்தான். நிறுவனத்துக்காரர்களுக்கு லாபம் பெரிய வீடுகளில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, கட்டடத்தைப் பெரிய சாலைப் பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், இரண்டாவது வழி போடச் சொல்லலாம், சாக்கடையை அவர்கள் செலவில் புதுப்பிக்கச் சொல்லலாம், சின்ன வீடுகளைக் குறைக்கக்கூடாது என்று நிபந்தனை போடச் சொல்லலாம். உங்கள் பிள்ளைகளுக்கும், பிரேமா மாதிரி ஆட்களுக்கும் இடம் இருக்கும். இரண்டையும் யோசித்துப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்றேன். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

பிறகு யாரோ, பாதி மாடிதான், அதற்கு மேல் ஒன்றும் கூடாது என்று குரல் கொடுத்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். குணசேகரனும் எழுந்து நின்று கைதட்டினார். சரோஜா அம்மா மட்டும் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

விசாரணையிலும் அதே கோரிக்கைதான் வந்தது. எல்லாரும் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் என் பரிந்துரையில் சின்ன வீடுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினேன். மக்கள் ஒன்றைக் கேட்கிறார்கள், அதிகாரி வேறொன்றைச் சொல்கிறார் என்றால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யார் பக்கம் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது மாடி பத்தானது. சங்கம் கோழிக்கறி சமைத்து விருந்து வைத்தது. எனக்கும் அழைப்பு வந்தது, நான் போகவில்லை. திருத்திய வரைபடம் என் மேசைக்கு வந்தபோது சின்ன வீடு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் மூன்று அறை, நான்கு அறை.

இதற்கிடையில் எழுத்துமூலப் புகார்கள் வரத் தொடங்கின. வெளியிலிருந்து இல்லை, தாமானுக்குள்ளிருந்தே. அன்றைக்குத் திரையில் பார்த்ததை யாரும் மறக்கவில்லை. கூட்டத்துக்குள் என்னால் ஒரு கம்பியைப் பிடுங்க முடிந்தது. அதற்குமேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. வரிசையாகப் பின்னறைகள் இடிபட்டன. குணசேகரன் வீட்டு அறைகளும் போயின. ஒன்று மட்டும் செய்தேன். இடிக்கும் அறிவிப்பை உரிமையாளருக்கு மட்டும் கொடுக்காமல் குடியிருப்பவர் கையிலும் கொடுக்க வேண்டும் என்று அமலாக்கப் பிரிவோடு சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன். பிரேமாவின் சாமான்கள் இந்தத் தடவை நனையவில்லை.

அவள் எங்கே போனாள் என்றால், பக்கத்து வீட்டுக்கு. சரோஜா அம்மாவின் மகன் இந்த வட்டாரத்தில் வீடு கிடைக்காது என்று தெரிந்ததும் குடும்பத்தோடு தூரத்தில் கூலாய் பக்கம் போய்விட்டான். மருமகள் வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. இங்கே சரோஜா அம்மா காலியான அறைகளோடு தனியாக இருந்தார். ஒரு நாள் அவரே போய்ப் பிரேமாவைக் கூப்பிட்டு வந்தாராம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டவர் இப்போது பிரேமாவின் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறார். நல்லதுதான். ஆனால் இதற்காகவா அத்தனை பேர் அத்தனை கூட்டம் போட்டோம் என்று நினைத்தால் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு குணசேகரன் அலுவலகத்துக்கு வந்தார். கட்டடம் பாதி எழும்பியிருந்தது. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை செனாயில், மகளுக்கு வேலை சிங்கப்பூரில். இருவரும் தாமானுக்குப் பக்கத்திலேயே இருக்க ஆசைப்பட்டு அந்தக் கட்டடத்தின் விற்பனை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். இருப்பதிலேயே சின்னதான மூன்றறை வீட்டுக்குக்கூட இரண்டு பேர் சம்பளத்தைக் காட்டியும் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. சின்ன வீடு ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு மொழியில் சொன்னேனே, அண்ணன், அப்போது நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்களே என்று கேட்டேன்.

"நீங்க சொன்னத ஒரு வார்த்த விடாமக் கேட்டேன், மேடம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதானே எங்க கூரையக் காட்டி மெரட்டுனாங்க. இதுவும் அந்த மாதிரி ஒரு மெரட்டல்னுதான் நெனச்சேன்."

அந்தப் படத்தைப் போட்டது நான் இல்லை, அதை அணைத்ததே நான்தான் என்றேன்.

"தெரியும். ஆனா அந்த ஆளும் நீங்களும் ஒரே மேசையிலதானே ஒக்காந்திருந்தீங்க."

அவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்று வேறு கோப்பைத் திறக்கவில்லை.

மிரட்டிய வாய் எது, உண்மை சொன்ன வாய் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியது மக்களின் வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பயந்துபோனவர்கள் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே, உங்கள் கூட்டத்தில் யாராவது மக்களை மிரட்டினால், அன்றைக்கு நீங்கள் எவ்வளவு உண்மை பேசினாலும் பயன் இல்லை. கூட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வேறொரு நாள் வையுங்கள். மேலிடம் திட்டும். திட்டட்டும்.

அதற்குப் பிறகு நான் நடத்திய எல்லாக் கூட்டத்திலும் நிறுவனத்துக்காரர்களுக்கு மேசை தனியாகப் போடச் சொன்னேன். ஒரு மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவதற்கு எங்கள் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. நான் ஓய்வு பெற்ற மறுவாரமே பழையபடி ஒட்டிப் போட்டிருப்பார்கள், எனக்குத் தெரியும். நீங்கள் கொஞ்சம் முன்னதாகவே மண்டபத்துக்குப் போங்கள். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் நீங்களே பிடித்து இழுத்துத் தள்ளிப் போட்டுவிடுங்கள்.